உலோக அணைவுகளுக்கு 'ஓஈசிடி 117' லாக் பி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பிளாட்டினம், ருத்தேனியம் குளோரோ அணைவுகளின் (உலோக அணுவைச் சுற்றிக் குளோரைடு போன்ற ஈனிகள் பிணைந்த சேர்மங்கள்) கொழுப்பு நாட்டத்தை அளக்கச் சொல்லி ஒரு கட்டண ஆய்வகத்திடம் கொடுத்தோம். வந்த அறிக்கையில் லாக் பி (பொருள் ஆக்டனாலிலும் நீரிலும் பிரிந்து நிற்கும் விகிதத்தின் மடக்கை) மூன்று தசமம் வரை, ஆர்-ஸ்கொயர் 0.99-க்கு மேல், தலைப்பில் 'ஓஈசிடி 117 முறைப்படி'. கேட்டும் பணம் திரும்பவில்லை.

ஓஈசிடி அமைப்பின் 117-ஆம் சோதனை வழிகாட்டியிலேயே, பொருள் தூணில் தங்கும் நேரத்தை வைத்து லாக் பி கணிக்கும் இந்த எச்பிஎல்சி (உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை) முறை உலோக அணைவுகளுக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர் இந்த வேலையை அந்தப் பெயரில் ஏற்றிருக்கவே மாட்டார்.

மூலத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் கரைப்பானிலேயே கோளாறு. மாதிரியை டிஎம்எஸ்ஓ-வில் (டைமெத்தில் சல்பாக்சைடு) கரைத்து வைத்திருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தில் டிஎம்எஸ்ஓ குளோரைடைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தூணில் ஓடுவது நேர்மின்னேற்றமுள்ள வேறொரு பொருள். தண்ணீரும் குளோரைடைப் பெயர்க்கும் என்பதால் நகர்கரைப்பானில் சோடியம் குளோரைடு வேண்டும், அதுவும் இல்லை. இப்படி உருவாகும் நேரயனி சி18 தூணில் (18 கார்பன் சங்கிலி பிணைத்த சிலிக்கா) மிஞ்சியிருக்கும் சிலனால்களில் (சிலிக்காவின் Si-OH தொகுதிகள்) ஒட்டித் தாமதமாக வெளிவரும். எண்ணைப் பார்ப்பவருக்கு அது கொழுப்பு நாட்டம் கூடியதாகத் தெரியும். பீக் வால் விட்டிருந்தாலோ இரண்டாகப் பிரிந்திருந்தாலோ இங்கே சந்தேகப்படுங்கள். இதெல்லாம் போதாதென்று, வெற்று நேரம் (தூணில் தங்காத பொருள் வெளிவரும் நேரம்) காணத் தயோயூரியாவை அதே குப்பியில் கலந்திருக்கிறார்கள்! சிஸ், டிரான்ஸ் பிளாட்டினத்தைப் பிரித்தறியும் குர்னக்கோவ் சோதனையில் பிளாட்டினத்தோடு வினைபுரியச் சேர்ப்பதே தயோயூரியாதான். யுராசிலைத் தனியாகச் செலுத்தியிருக்கலாம்.

புள்ளியியலுக்கு வருவோம். நகர்கரைப்பானில் அசிட்டோநைட்ரைல் 50 முதல் 70 சதவீதம் வரை ஐந்து புள்ளிகளில் லாக் கே (தூணில் தங்கும் அளவின் மடக்கை). அந்தக் கோட்டைப் பூஜ்ய சதவீதம் வரை இழுத்து லாக் கேடபிள்யூ (வெறும் நீரில் இருக்கக்கூடிய லாக் கே) எடுத்திருக்கிறார்கள். அளந்தது 20 சதவீத அகலம், தாண்டியது 50. அசிட்டோநைட்ரைலில் லாக் கே வளைந்துதான் போகும். மெத்தனாலில் ஓரளவு நேர்கோடு கிடைக்கும். அளந்த புள்ளிகள் கோட்டில் நன்றாகப் படிந்திருப்பதைத்தான் ஆர்-ஸ்கொயர் சொல்லும், பூஜ்யத்தில் எடுத்த வெட்டுத்துண்டின் பிழையைச் சொல்லாது. அந்தப் பிழை அறிக்கையில் எங்குமே இல்லை. அளவுத்திருத்தமோ டொலுவீன், நாப்தலீன் போன்ற மின்னேற்றமற்ற கரிமச் சேர்மங்களை வைத்து. சிலனாலில் ஒட்டும் அணைவுக்கு அந்தக் கோடு எப்படிப் பொருந்தும்?

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒப்பீட்டுக்கு வைப்பவை அதே மின்னேற்றமும் ஒத்த ஈனிகளும் கொண்ட, குடுவை குலுக்கல் முறையில் (ஆக்டனாலோடும் நீரோடும் குலுக்கிப் பிரித்து) லாக் பி அளந்த அணைவுகளா? அவற்றை ஒவ்வொன்றாக அளவுத்திருத்தத்திலிருந்து விட்டுவிட்டு, விட்டதன் லாக் பி-யைக் கணித்துச் சரிபார்த்தார்களா? கணிப்பு இடைவெளி (உண்மை எண் விழக்கூடிய எல்லை) தருவார்களா? இரண்டு அணைவுகளையாவது குலுக்கல் முறையில் நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். ஆக்டனாலையும் உப்புநீரையும் முன்பே ஒன்றோடொன்று நிறைவுறச் செய்து, இரு அடுக்கிலும் உலோகத்தை ஐசிபி-எம்எஸ் என்ற நிறை நிறமாலைமானியில் அளக்க வேண்டும். ஆக்டனால் அடுக்கை அமிலத்தில் செரிக்காமல் நேராகக் கருவியில் விட்டால் அந்த எண்ணும் தேறாது.