லினக்ஸ், அப்பாச்சி, டெபியன்: பொறுப்புல இருக்குற ஆள் காணாம போனா யாரு பாத்துக்குறது?

நாங்க நாலு பேரு சேந்து ஒரு சின்ன லைப்ரரி (மத்தவங்க தங்க ப்ரோகிராம்ல சேத்துக்குற ஓப்பன் சோர்ஸ் கோட்) வெச்சிருக்கோம், அதோட அறிமுக ஃபைலான ரீட்மீல நாலு பேருக்கும் மெயின்டெய்னர், அதாவது பாத்துக்குறவருன்னு தான் போட்டிருக்கும், ஆனா ரிலீஸ் போடுற, அதாவது புது வெர்ஷனை வெளியிடுற சாவி ஒருத்தர்கிட்ட மட்டும் தான். அவரு வேலை மாறி மூணு மாசம் தலையே காட்டல. ஒரு பக்கை, அதாவது கோட்ல இருந்த தப்பை, சரி பண்ணி மெயின் கோடோட மெர்ஜும் பண்ணியாச்சு, ஆனா யூஸ் பண்றவங்க கைக்கு போய் சேர வழி இல்ல. அப்புறம் தான் பெரிய ப்ராஜெக்ட்ல எல்லாம் இதை எப்படி பிரிச்சு வெச்சிருக்காங்கன்னு உக்காந்து படிச்சேன். ராஜா ஆட்சியா ஓட்டெடுப்பான்ற சண்டை எனக்கு வேண்டாம், பொறுப்புல இருக்குற ஆள் இல்லாம போனா என்ன ஆகும்னு மட்டும் பாப்போம்.

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல் தான் முதல்ல. அதை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் ஒவ்வொரு பேட்சையும் (கோட்ல செய்ற மாத்தம்) படிக்கிறாருன்னு பல பேரு நெனைக்கிறாங்க, அதெல்லாம் இல்ல, அந்தந்த பகுதிக்குன்னு மெயின்டெய்னர் இருக்காங்க, அவங்க பாத்து சேத்து வெச்சதை தான் அவரு இழுத்துக்குறாரு. யாரு எதுக்கு பொறுப்புன்னு மெயின்டெய்னர்ஸ்ன்ற ஒரு ஃபைல்ல இருக்கும். எனக்கு ரொம்ப புடிச்சது அதுல வர்ற ஸ்டேட்டஸ் வரி. சப்போர்ட்டட்னா இதை பாத்துக்க ஒருத்தருக்கு சம்பளம் கெடைக்குது, மெயின்டெய்ன்ட்னா சும்மாவாவது ஒருத்தர் பாக்குறாரு, ஆட் ஃபிக்ஸஸ்னா நேரம் கெடைச்சா ஏதோ செய்வாரு, ஆர்ஃபன்னா நாதி இல்ல. இவ்ளோ ஓபனா எழுதி வெக்கிற தைரியம் நம்ம ரீட்மீ எதுலயாவது இருக்கா?

கூடவே சைன்ட்-ஆஃப்-பைன்னு ஒரு வரி. லினக்ஸ்ல எங்க கோட் இருக்குன்னு எஸ்சிஓன்ற கம்பெனி போட்ட கேஸ் ஓடிட்டு இருந்த சமயம், 2004ல வந்தது. இந்த கோடை கொடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு எழுதுனவரு சொல்லுவாரு, அதை மேல அனுப்புற மெயின்டெய்னரும் தன் பேரை கீழ சேக்கணும், அதனால யாரு கை வழியா வந்துச்சுன்னு பின்னாடி தேடி புடிச்சிரலாம்.

2018 செப்டம்பர்ல லினஸ் கொஞ்ச நாள் ஒதுங்கியே இருந்தாரு, 4.19 வெர்ஷனை இன்னொரு மூத்த மெயின்டெய்னர் க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடிச்சு ரிலீஸ் பண்ணாரு, ஒண்ணும் கவுந்துடல. ஆனா அது கீழ அவ்ளோ ஆள் பலம் இருந்ததால. பைத்தான் லாங்குவேஜ்ல அதே வருஷம் ஜூலைல அதை உருவாக்கின கைடோ வான் ராசம், 572ம் நம்பர் பெப் (லாங்குவேஜை மாத்த எழுதுற முன்மொழிவு) மேல நடந்த சண்டைல வெறுத்துப்போய் தலைமையை விட்டுட்டாரு, எனக்கு அடுத்து இன்னாருன்னு யாரையும் கை காட்டல. எப்படி நடத்துறதுன்னே புதுசா யோசிச்சு, ஓட்டு போட்டு, 2019ல தான் அஞ்சு பேரு கவுன்சில் வந்துச்சு. ஒரே கம்பெனிக்காரங்க ரெண்டு பேருக்கு மேல அதுல இருக்க கூடாது.

நெறைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டை நடத்துற அப்பாச்சி அமைப்பு வேற மாதிரி. அங்க ஏணி தான்: கான்ட்ரிபியூட்டர், கமிட்டர், அதுக்கு மேல பிஎம்சி, அதாவது ப்ராஜெக்டை நடத்துற கமிட்டி. கமிட்டர்னா கோடை உள்ள போடலாம், அவ்ளோ தான், ரிலீஸ் ஓட்டுல பிஎம்சி ஆளுங்க ஓட்டு மட்டும் தான் கணக்கு. கோட் மாத்துறதுக்கு ஒருத்தர் -1 (வேண்டாம்) போட்டா அது வீட்டோ, மாத்தம் அங்கயே நின்னுரும், ஆனா டெக்னிக்கல் காரணம் சொல்லணும், சொல்லலைன்னா செல்லாது. ரிலீஸுக்கு வீட்டோவே கெடையாது, குறைஞ்சது மூணு +1 (சரி) வேணும், -1ஐ விட +1 அதிகமா இருக்கணும். முதல் தடவை படிச்சப்ப கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கேன்னு தான் தோணுச்சு. ஆனா ரிலீஸுக்கு +1 போடுறவரு அந்த சோர்ஸ் பேக்கேஜை தன் மிஷின்ல இறக்கி, டிஜிட்டல் கையெழுத்தை சரி பாத்து, கம்பைல் பண்ணி டெஸ்ட் பண்ணி இருக்கணும்னு ஒரு ரூல் இருக்கு, அதோட அருமை 2024ல எக்ஸ்இசட்ன்ற ஃபைல் சுருக்குற டூல்ல ஒருத்தர் திருட்டுத்தனமா பின்வாசல் வெச்ச விவகாரம் வந்தப்ப தான் புரிஞ்சுது.

அங்க நடந்தது இது தான்: ஒருத்தர் தனியா களைச்சுப்போய் பாத்துட்டு இருந்த ப்ராஜெக்ட், ஏன் லேட்டு ஏன் லேட்டுன்னு சில பேரு நச்சரிக்க, ஜியா டான்னு ஒரு பேர்ல வந்த ஆளு பொறுமையா வேலை செஞ்சு இணை மெயின்டெய்னர் ஆயிட்டாரு. ஏணி இருந்தாலும் இப்படி ஒருத்தரு ஏறி வந்திருப்பாரு, அதை ஒத்துக்கணும். ஆனா பின்வாசலை தொறந்து விடுற முக்கியமான துண்டு கிட்ல (எல்லாரும் பாக்குற மூல கோட் இருக்குற இடம்) இல்ல, ரிலீஸ் டார்பால்ல (வெளியிட கட்டுற பொட்டலம்) மட்டும் தான் இருந்துச்சு. கோட் போடுறதும் டார்பால் கட்டுறதும் ஒரே கை. இன்னும் ரெண்டு பேரு அதை கிட்டோட ஒப்பிட்டு பாக்கணும்னு இருந்திருந்தா மாட்டியிருக்க சான்ஸ் உண்டு. கடைசில ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், அவரு போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸ்ல வேலை செய்ற ஆளு, எஸ்எஸ்எச் லாகின் (தூரத்துல இருந்து இன்னொரு மிஷினுக்குள்ள நுழையுறது) அரை செகண்ட் ஜாஸ்தி எடுக்குதேன்னு நோண்டி தான் புடிச்சாரு.

அப்பாச்சில குறைன்னா, மூணு பேரு இல்லாத ப்ராஜெக்டுக்கு இது தாங்காது. ஓட்டு போட மூணு பேரு தேறலைன்னா அட்டிக்ன்ற பரணுக்கு அனுப்பிருவாங்க. கொடூரம் தான், ஆனா உயிரோட இருக்குற மாதிரி நடிக்கிறதை விட தேவலை.

டெபியன்ன்ற லினக்ஸ் தொகுப்புல தலைவரை வருஷா வருஷம் ஓட்டு போட்டு எடுக்குறாங்க, ஆனா அவரு யாரையும் இதை செய்யுன்னு சொல்ல முடியாது, ப்ராஜெக்டுக்காக வேலை செஞ்சே ஆகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்லைன்னு அவங்க அரசியல் சாசனத்துலயே இருக்கு. நெஜ பவர், தொகுப்புல இருக்குற ஒவ்வொரு சாஃப்ட்வேர் பேக்கேஜையும் பாத்துக்குற மெயின்டெய்னர்கிட்ட. அந்த ஆள் தூங்கிட்டா என்ன பண்றது? என்எம்யூன்னு வழி இருக்கு, அதாவது அந்த பேக்கேஜோட மெயின்டெய்னரா இல்லாத இன்னொரு டெவலப்பர் பக்கை சரி பண்ண கை வெச்சு அப்லோட் பண்ணலாம், அதையும் சில நாள் க்யூல நிறுத்தி வெச்சு, உரிமையாளர் வேண்டாம்னா தடுக்குற மாதிரி அனுப்பலாம். பேக்கேஜை ஒரேயடியா விட்டா ஆர்ஃபன்னு அறிவிச்சிரலாம், வேணும்னவங்க தத்தெடுத்துக்கலாம். எங்களுக்கு அந்த மூணு மாசம் தேவைப்பட்டது இந்த என்எம்யூ தான்.

நாலு பேருக்கு மூணு ஓட்டு ஓவரா பட்டுச்சு, அதனால ரிலீஸுக்கு ரெண்டு பேருன்னு வெச்சோம், டார்பால் கட்டுறது ஒருத்தர், தன் மிஷின்ல பில்ட் பண்ணி பாக்குறது இன்னொருத்தர். சாவி இப்ப ரெண்டு பேருகிட்ட இருக்கு. பதினாலு நாள் பதில் வரலைன்னா அவசர பக்குக்கு வேற யாரு வேணா ரிலீஸ் போடலாம். லினக்ஸ்ல இருந்து ஸ்டேட்டஸ் வரியை அப்படியே சுட்டு ரீட்மீல போட்டோம், பார்சர் மெயின்டெய்ன்ட், டெஸ்ட் எல்லாம் ஆட் ஃபிக்ஸஸ். டாக்குமென்டேஷனுக்கு நேரா ஆர்ஃபன்னு போட்டு எட்டு மாசம் ஆச்சு, இன்னும் அப்படியே தான் இருக்கு.