ஷெனின் பிளாங்கா, பினோட்டாஜா: காரம் சாப்பிடும் வீட்டில் ஒயின் கற்க எது நல்லது?

ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லா நாட்டையும் எல்லாத் திராட்சையையும் ஒன்றாகப் பிடிக்கப் போய், கொஞ்ச நாளில் சலித்து விட்டுவிடுகிறார்கள். ஒரே ரகத்தை எடுத்து ஒரு வருடம் அதிலேயே நின்றால்தான் நாக்கு பழகும் என்பது என் நம்பிக்கை. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு ரகம் எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும்: சிவப்பில் பினோட்டாஜ், வெள்ளையில் ஷெனின் பிளாங்க். நான் ஷெனினை எடுத்தேன், என் மச்சான் பினோட்டாஜை எடுத்தார். டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்பதால், ஒரே குழம்போடு இரண்டையும் வைத்துப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

விலை, கிடைப்பது இதையெல்லாம் நீட்ட வேண்டாம். சூப்பர்மார்க்கெட் அலமாரியிலேயே இரண்டும் இருக்கும். நல்ல பினோட்டாஜுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பினோட்டாஜின் பலம் அதன் கதை. 1925-ல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெரோல்ட், பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு சிவப்புத் திராட்சைகளைக் கலப்பினம் செய்து உண்டாக்கிய ரகம் இது. இந்த மண்ணிலேயே பிறந்தது. 1959-ல் பெல்வியூ தோட்டத்துப் பினோட்டாஜ் கேப் (கேப்டவுனைச் சுற்றி ஒயின் விளையும் பகுதி) ஒயின் போட்டியில் முதலிடம் வாங்கியது, 1961-ல் லான்செராக் என்ற ஒயினின் புட்டியில் அந்தப் பெயர் முதல்முறையாக அச்சாகி வந்தது. இந்த நாட்டு ஒயின் வரலாற்றைப் பிடிக்க இதைவிட நல்ல நூல்முனை கிடையாது, மச்சான் அதற்காகத்தான் எடுத்தார். ஒயின் செய்முறையில் இருந்தும் ஒன்றைத் தெளிவாகக் காட்டும்: இந்தத் திராட்சை சூடேறிப் புளித்தால் பெயின்ட் வாடை மாதிரி ஒன்று வந்துவிடும், வாழைப்பழ வாசமும் இதில் சீக்கிரம் எழும். இப்போது கவனமாகச் செய்கிறவர்களிடம் அந்தக் குறை பெரும்பாலும் இல்லை. அப்புறம் 2001 முதல் டீமர்ஸ்ஃபொன்டைன் தோட்டம் பிரபலமாக்கிய காபி, சாக்லேட் மணம் வரும் வகை. அந்த வாசனை பெரும்பாலும், ஒயின் ஊறும் நன்றாக வறுத்த ஓக் மரத்திலிருந்து வருவது. குடிக்க இதமாக இருக்கும், ஆனால் திராட்சையைக் கற்கிறோமா மரத்தைக் கற்கிறோமா என்று புதியவருக்குப் பிரித்துச் சொல்ல வராது.

ஷெனின் வேறு விதம். பிறந்த இடம் பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதி. கேப்புக்கு வந்து பல தலைமுறையாக ஸ்டீன் என்ற பெயரில் வளர்ந்தது, அதுவும் ஷெனினும் ஒன்றே என்று உறுதியானது 1960களில்தான். இன்று இங்கே அதிகம் பயிராகும் ஒயின் திராட்சை இதுவே, தோட்டப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. பிரான்சில் இருப்பதைவிட இங்கே அதிகம். இவ்வளவு நட்டதற்குக் காரணம் பிராந்தியும் மலிவு வெள்ளை ஒயினும். நன்றாகக் காய்க்கும், வெயிலிலும் புளிப்பு குறையாது, பிராந்தி வடிக்க அதுதானே வேண்டும். 1959-ல் வந்த லீபர்ஸ்டைன் என்ற லேசான இனிப்பு ஒயினில் இந்த ஸ்டீன் முக்கியப் பங்கு. 1964-ல் அது 3 கோடி லிட்டருக்கு மேல் விற்றது. அப்படி மலிவுக்காக நட்ட கொடிகளில் பிடுங்காமல் விட்டவைதான் ஸ்வார்ட்லண்ட், பார்ல், ஸ்டெல்லன்போஷ் பகுதிகளில் இன்று பொக்கிஷமாக இருக்கின்றன. 35 வயதைத் தாண்டிய தோட்டம் என்றால், நட்ட ஆண்டைப் போட்டு ஒரு முத்திரை புட்டிக் கழுத்தில் ஒட்டுகிறார்கள். பாசனமே இல்லாமல் புதர் மாதிரி நிற்கும் அந்தக் கிழக் கொடிகள் காய்ப்பது குறைவு, ஆனால் ஒயினில் ஒரு அடர்த்தி இருக்கும். பகுதி, மண், கொடியின் வயது இதெல்லாம் கண்ணாடிக் குவளைக்குள் எப்படி வருகிறது என்று எனக்குப் புரிந்தது இந்த முத்திரை உள்ள புட்டிகளில்தான்.

இன்னொரு வசதி, ஷெனின் தன் வாசனையைத் தூக்கிக் காட்டும் ரகம் இல்லை. அதனால் செய்தவரின் கை அப்படியே தெரியும். எஃகுத் தொட்டியில் குளிராகப் புளிக்க வைத்தால் பச்சை ஆப்பிளும் பேரிக்காயும், ஓக் பீப்பாயில் புளிக்க வைத்தால் தேனும் வறுத்த ரொட்டியும். நுரைக்கும் ஒயினும் இதில் உண்டு. பழத்தின் மேல் பூஞ்சை பிடித்துச் சுருங்கவிட்டுச் செய்தால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் சர்க்கரை நிற்கும் இனிப்பு ஒயின். ஒரே திராட்சையை வைத்தே பாடத்தில் பாதி முடிந்துவிடும். லுவார் பக்கத்து ஷெனினோடு ஒப்பிட்டு எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் புட்டிகள் இங்கே விலை அதிகம், நான் குடித்தது கொஞ்சம்தான்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது காரமும் புளியும். கற்பது என்றால் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டும், சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். நம் வீட்டில் வாரம் முழுக்கச் சாப்பாடு எப்படி என்று நமக்குத் தெரியும், அதிலும் டர்பன் மசாலா சும்மா விடாது. மிளகாயின் காரம் நாக்கில் எந்த நரம்பு முனையைச் சுடுகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டும். பினோட்டாஜ் பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதன் மேல் சிவப்பு ஒயினுக்கே உரிய துவர்ப்பு எச்சிலோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டும். மட்டன் கறி ஒரு வாய், பினோட்டாஜ் ஒரு மிடறு, அடுத்த நிமிடம் தண்ணீரைத் தேடுவோம். பழ வாசனை எங்கே போனது என்றே தெரியாது, அந்த நிலையில் என்ன கற்பது? ஷெனினில் துவர்ப்பு அநேகமாக இல்லை. குளிர வைத்துக் குடிக்கிறோம், கொஞ்சம் சர்க்கரை நின்றால் காரம் அடங்குகிறது.

புளி இதைவிட முக்கியம், யாரும் அதிகம் பேசாத விஷயமும்கூட. சாப்பாட்டில் புளிப்பு ஒயினைவிட அதிகமாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். புளி கரைத்து வைத்த மீன் குழம்புக்கு முன்னால் நின்று தாங்குகிற புளிப்பு ஷெனினிடம் இருக்கிறது. மீன் என்றால் சிவப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அதில் இருக்கும் இரும்பு, மீனின் எண்ணெயோடு சேர்ந்து வாயில் கவிச்சியைக் கிளப்பும். மச்சானே மீன் வைக்கிற நாளில் என் புட்டிக்குத்தான் கை நீட்டுவார். ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சௌவுக்கும் பருப்புக்கும் வாழைக்காய் வறுவலுக்கும் இதே கணக்குதான்.

பினோட்டாஜ் ஜெயிக்கிற இடம் பிராய், அதாவது இங்கே வெளியில் கரி மூட்டி இறைச்சி சுடும் விருந்து. கரியில் சுட்ட ஆட்டு சாப்ஸ், மிளகாய் போடாமல் உப்பும் கொத்தமல்லி விதையும் மட்டும் தடவியது என்றால் ஷெனினை நான் கொண்டு வரவே மாட்டேன், புகையும் கொழுப்பும் துவர்ப்பைக் கேட்கும். டர்பன் வெயிலில் அறை வெப்பத்தில் ஊற்றாமல், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள். பத்து வருடம் முதிர்ந்த பினோட்டாஜ் பிரமாதம் என்கிறார்கள், நான் குடித்தது குறைவு, அதனால் அது வேறு ஆட்டம் என்றுதான் விடுகிறேன்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் தைப்பூசக் காவடி நாட்களை ஒட்டி கேப்புக்குப் போங்கள், அப்போது அறுவடை நடக்கும். புரட்டாசியில் நாங்கள் புட்டி திறப்பதில்லை, கொடி துளிர்க்கும் அந்த மாதத்தில் படிப்பது மட்டும்தான்.

தொடங்குகிறவர் மூன்று ஷெனின் வாங்குங்கள்: மரம் தொடாத ஒன்று, ஓக்கில் வைத்த ஒன்று, லிட்டருக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை நிற்கும் ஒன்று. நாலு பேரைக் கூப்பிட்டு ஒரே ராத்திரியில் மூன்றையும் மீன் குழம்போடு வையுங்கள். குழம்பு முதல் நாள் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது, புளி நன்றாக இறங்கியிருக்கும்.