டெல்லி வெயிலுக்கு தகர கூலர்: மே மாசத்துக்கு சூப்பர், ஜூலைக்கு நம்பாதீங்க

முனிர்கா மாதிரி ஏரியால டாப் ஃப்ளோர்ல வாடகைக்கு இருந்துட்டு ஏசி வாங்கலாமா, கூலர் போதுமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதறேன். நாங்க வாங்கினது கம்பெனி கூலர் இல்ல, லோக்கல் கடைல தகரத்துல அடிச்சு ஃபேனும் பம்பும் மாட்டி குடுப்பாங்களே அந்தப் பெரிய சைஸ், மூணு பக்கமும் காஸ் பேட், அதாவது பம்ப் தண்ணியை சொட்ட விட்டு நனைக்கற நார் மெத்தை.

மே மாசம் லூன்னு சொல்ற வறண்ட அனல் காத்து அடிக்கிறப்போ பிச்சு உதறுது. வெளிய 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம்னு வைங்க, ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் 22 கிட்ட காட்டும், எந்தக் கூலரும் அதுக்குக் கீழ இறங்காது, ஆனா நல்ல பேட் இருந்தா 27, 28க்கு காத்து வரும், மத்தியானம் குழந்தை அழாம தூங்கறதுக்கு அது தாராளம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 580 கிலோகலோரி சூடு வேணும், அதை காத்துலேர்ந்தே உறிஞ்சிக்குது, மண்பானைத் தண்ணி ஜில்லுனு ஆகறதும் இப்படித்தான். கரண்டும் 200 வாட் கிட்டதான், ஒன்றரை டன் ஏசி 1,500 வாட் இழுக்கும்.

ஜூன் கடைசில மழை வந்தாச்சுன்னா கதையே வேற. 35 டிகிரி, 70 சதவீதம் ஈரப்பதம்னா அந்த 22 இப்போ 30 ஆயிடும், பம்பை ஓட விட்டா ரூம்ல புழுக்கம்தான் ஏறும், வேர்வை காயவே காயாது. அப்போ பம்பை ஆஃப் பண்ணிட்டு வெறும் ஃபேனா ஓட்டுங்க. ஊர்ல அம்மா அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கலாம்னு நினைச்சா, மதுரை பக்கம்னா சித்திரை வெயிலுக்கு ஓரளவு உதவும், சென்னைக்கு வேண்டவே வேண்டாம்.

கூலரை ஜன்னலுக்கு வெளிய ஸ்டாண்ட் போட்டு வைக்கணும், எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்கணும், ரூமை மூடி வச்சா ஈரம் போக வழியே இல்ல.

குறைன்னா, கடைல குடுத்த பம்ப் ஒரு சீசன் கூட தாங்கல, மாத்திக் கேட்டா கேரண்டி இல்லன்னுட்டாங்க. அப்புறம் இங்க வர்ற உப்புத் தண்ணி. பேட் மேல தண்ணி சொட்டுற ஓட்டைல வெள்ளையா உப்பு படிஞ்சு அடைச்சிடும், அந்த இடத்துல மட்டும் காஸ் காஞ்சு கிடக்கும், கைய வச்சுப் பாத்தா அனல் காத்து நேரா உள்ள வர்றது தெரியும், பாதிப் பேரு கூலரே வேஸ்ட்னு சொல்றது இதனாலதான்னு நினைக்கிறேன். ஒரு ஈர்க்குச்சியால குத்தி விட்டா சரியாயிடும்.

வாரம் ஒரு தடவை தொட்டித் தண்ணியை முழுசா கொட்டி, தேய்ச்சு, காய விடுங்க. டெங்கு கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாகிடும், மேலாப்ல தண்ணி ஊத்திட்டே இருந்தா போகாது.

தகர பாடிங்கறதால வாங்கின அன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்ட்டு எர்த் செக் பண்ணிடுங்க, தண்ணி ஊத்தறப்போ ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஊத்துங்க, சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா இதுல அலட்சியமே கூடாது.