வீடு காலி செய்யும்போது எந்த பாட்டில் உழைக்கும், எது அட்வான்ஸைக் கரைக்கும்?

சென்னையில் வீடு காலி செய்பவர்கள் சாவி கொடுப்பதற்கு முதல் நாள் அவசரமாக வாங்கி வருவது பெரும்பாலும் மூன்று பொருள்: ஒரு பாட்டில் ஆசிட், ஒரு பாட்டில் ஃபினாயில், ஒரு பாக்கெட் ஸ்டீல் நார். மூன்றுமே வேண்டாம். உப்பு படிந்த குழாயைக் கழுவிக் கொடுத்தால் போதும். பூச்சு உரிந்த குழாயை மாற்றித்தான் கொடுக்க வேண்டும். அட்வான்ஸில் பிடித்தம் என்று வந்தால், அழுக்கைவிட அழுக்கை எடுக்கப்போய்க் கெடுத்ததற்கே தொகை பெரிதாக இருக்கும்.

போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டில் கறை பெரும்பாலும் இரண்டே ஜாதி. குளியலறையில் வெள்ளையாக, சொரசொரப்பாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு உப்பு. அது அமிலத்துக்குத்தான் கரையும். சமையலறையில் பழுப்பாக, பிசினாக ஒட்டியிருப்பது தாளிப்பு எண்ணெய். அதற்குக் காரம் வேண்டும், சூடும் வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, "எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை" என்று பொருளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

உப்புக்கு முதல் மதிப்பெண் சிட்ரிக் ஆசிட் தூளுக்கு. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு குளியலறை உள்ள வீட்டுக்குக் கால் கிலோ வாங்கினால் மிச்சமே இருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி போட்டு முழுதாகக் கரையவிட வேண்டும். ஸ்பிரே செய்து உடனே துடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உப்பு கரைய நேரம் வேண்டும், செங்குத்தான இடத்தில் கரைசல் நிற்காமல் வழிந்துவிடும். பழைய பனியன் துணியைக் கரைசலில் நனைத்து, குழாயின் அடிவட்டத்தில் பட்டைபோல் சுற்றி இருபது நிமிடம் விடுங்கள். ஷவர் தலையைக் கழற்றி, ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஊறப்போட்டு, அடைபட்ட துளைகளை ஊசியால் குத்திவிட்டால் போதும். குரோம் பூச்சுள்ள எதையும் இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. கரைசலை அப்படியே காயவிடவும் கூடாது. புதிதாக ஒரு வெள்ளைப் படலம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது கால்சியம் சிட்ரேட். நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்தால்தான் வேலை முடிந்தது.

கண்ணாடித் தடுப்பு இருந்தால் முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் உப்பு, கரையும். வழுவழுப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியே அரிபட்டுவிட்டது. அதற்கு எந்த பாட்டிலும் பலிக்காது, கையையும் காசையும் மிச்சப்படுத்துங்கள்.

ஹார்பிக் போன்ற டாய்லெட் ஜெல்லில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுமார் 10 சதவீதம். பீங்கானுக்கு இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. ஆனால் கோப்பைக்குள் தேங்கிய தண்ணீரோடு சேர்ந்தால் நீர்த்துப் போய்விடும். பிரஷால் நாலைந்து முறை அழுத்தி அந்தத் தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டு, அதன்பின் விளிம்புக்கு அடியிலிருந்து ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். மதிப்பெண் குறைவது எங்கே என்றால், இதையே எடுத்து வாஷ்பேசின் குழாய், ஹெல்த் ஃபாசெட், ஸ்டீல் சிங்க் என்று எல்லா இடத்திலும் ஊற்றும் பழக்கத்தில். அந்த அமிலத்தில் உள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிக்குத்துப்போல் குழி விழச் செய்யும். அந்தக் கறுப்புப் புள்ளிகள் பிறகு போகவே போகாது.

ஹார்டுவேர் கடையில் லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் ஆசிட்டுக்குப் பூஜ்யம். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கடைக்காரர் வாங்குபவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமென்ட். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரைந்து பள்ளமாகிவிடும், அடுத்த மாதமே கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரியும். பழைய மாம்பலம், மயிலாப்பூர் வீடுகளில் இருக்கும் மொசைக் தரை பளிங்குச் சில்லும் சிமென்டும் சேர்ந்தது. அலமாரித் தட்டுகளாகப் போட்டிருக்கும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல் ரகம்தான். இவற்றில் ஆசிட் என்ன, லெமன் சால்ட்கூட ஆகாது. சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் நிறுத்திவிடுங்கள். டைல்ஸில் லெமன் சால்ட் கரைசல் போடுவதற்கு முன் சுவர் முழுக்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். இடுக்கு முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டால் அமிலத்தை அவ்வளவாகக் குடிக்காது.

பிளீச்சிங் பவுடர் குளியலறைக் கூரையில் பிடித்த கறுப்புப் பூஞ்சைக்கு நல்லது. ஆனால் ஹார்பிக் ஊற்றிய அதே அறையில் அதே நாளில் அதைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஒரு சாண் ஜன்னல் உள்ள அபார்ட்மென்ட் பாத்ரூமில் அது விளையாட்டில்லை.

சமையலறைக்கு வருவோம். பாத்திரம் கழுவும் லிக்விட் புது எண்ணெய்க்குத்தான். ஒரு வருடமாகச் சூட்டில் காய்ந்து வார்னிஷ்போல் இறுகிய பிசுக்கு அதற்கு அசையாது. வாஷிங் சோடா கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஆப்ப சோடாவை எடுத்துக் கொடுப்பார். அது வேறு, அவ்வளவு காரம் இல்லை. ஒரு லிட்டர் கொதிநீரில் மூன்று மேசைக்கரண்டி வாஷிங் சோடா, சில சொட்டு லிக்விட். கையுறை மாட்டிக்கொண்டு, நனைத்த துணியை அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் ஒட்டிப் பதினைந்து நிமிடம் விட்டால், பழைய ஏடிஎம் கார்டால் வழித்தாலே கூழாக வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைக் கழற்றி இதிலேயே ஊறப்போடலாம், பிளாஸ்டிக்காகவோ இரும்பாகவோ இருந்தால். அலுமினியம் மட்டும் கூடாது: சிம்னியின் வலை ஃபில்டரும் ஜன்னல் ஃபிரேமும் காரம் பட்டால் கறுத்துவிடும் அல்லது வெளுத்துவிடும். பட்டை பட்டையாக இருக்கும் ஸ்டீல் ஃபில்டருக்கு ஒன்றும் ஆகாது. சுவிட்ச் போர்டுக்கு மெயினை அணைத்துவிட்டு, பிழிந்த துணி மட்டும்.

சிலிண்டர் இருந்த இடத்தில் தரையில் பதிந்திருக்கும் துரு வட்டம் தனிக் கதை. சோப்பு, பிளீச்சிங் எதற்கும் மசியாது. ஆக்ஸாலிக் ஆசிட் தூள் ஒரு மேசைக்கரண்டி, அரை லிட்டர் வெந்நீர். டிஷ்யூ பேப்பரை நனைத்து வட்டத்தின் மேல் இருபது நிமிடம். டைல்ஸில் சுத்தமாகப் போய்விடும். மொசைக் பாலிஷ் போடுபவர்களும் இதைத்தான் பயன்படுத்துவார்கள், ஆனால் அவர்கள் தரை முழுவதும் போடுகிறார்கள். நீங்கள் ஒரே இடத்தில் ஊறவைத்தால் துரு போய் மங்கல் வட்டம் ஒன்று மிஞ்சும். ஆக்ஸாலிக் ஆசிட் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பூஜை அலமாரியில் மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். பயந்து மேலும் தேய்க்காதீர்கள், காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது. வெயில் படும் இடமென்றால் இரண்டு நாளில் தானாக வெளுக்கும்.

சுவருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷ்பேசின், சுவிட்ச், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகை பிடிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், சுவரில் ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள். அந்த நேரம் குழாய்க்கும் கொசுவலைக்கும். எழுதவில்லை என்றால் ஆணித் துளையை மட்டும் அடைக்கலாம். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டரைப் பங்கு வால் புட்டி, ஆழமான துளைக்கு இரண்டு தடவை, காய்ந்தபின் 180 நம்பர் உப்புத்தாள். டூத்பேஸ்ட் வைத்து அடைக்கும் வித்தை காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும்.

மேஜிக் ஸ்பான்ஞ் என்று விற்கும் வெள்ளை மெலமைன் நுரை உண்மையில் மிக நுணுக்கமான உப்புத்தாள்தான். எமல்ஷன் சுவரில் கிரேயான் கிறுக்கலை மெதுவாக எடுக்கும். டிஸ்டெம்பர் சுவரில் கிறுக்கலோடு சுவரையும் எடுக்கும். டபுள் சைட் டேப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு வழிப்பதே போதும். அதுவும் டைல்ஸிலும் கண்ணாடியிலும்தான். சுவரில் எண்ணெய் வட்டம் நிற்கும். ஃபினாயில் கிருமிக்கும் வாசனைக்கும். கறை எடுக்கும் என்று அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

டீப் கிளீனிங் ஆட்களைக் கூப்பிடலாமா? சொரசொரப்பு டைல்ஸ் போட்ட பால்கனி, பல வருட அழுக்கேறிய மொசைக் என்றால் கூப்பிடலாம். சுழலும் மெஷினுக்கு அங்கே கை ஈடாகாது. சமையலறைப் பிசுக்குக்கும் இரண்டு ஆள், நான்கு மணி நேரம் என்பது நியாயமான உதவி. மற்றபடி ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குத் தேவையில்லை. கூப்பிட்டால் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டியவை: பரண் உட்புறம் உண்டா, ஜன்னல் தண்டவாளம் உண்டா, பால்கனிப் புறா எச்சம் உண்டா, பெயின்ட் சொட்டு எடுப்பார்களா. பேக்கேஜ் பெயரில் 'முழு வீடு' என்று இருந்தாலும் இந்த நான்கும் அடிக்கடி விடுபடும். என்ன கொண்டுவருகிறார்கள் என்பதையும் பாருங்கள். டாஸ்கி என்ற கிளீனர் பிராண்டின் வரிசை போலக் குளியலறைக்கு ஆர்1, தரைக்கு ஆர்2, கண்ணாடிக்கு ஆர்3 என்று எண் போட்ட கேன்கள் என்றால் சரி. லேபிள் இல்லாத வெள்ளைக் கேன் வந்தால், உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் குழாய்ப் பக்கம் விடாதீர்கள்.

பணத்தை வேலை முடிந்த கையோடு கொடுக்க வேண்டாம். ஃபேனைப் போட்டு முக்கால் மணி நேரம் காயவிடுங்கள். ஈரமான டைல்ஸில் உப்பு தெரியாது, எல்லாம் புதிதுபோல் மின்னும். காய்ந்தபின் மொபைல் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஓனர் வந்து பார்ப்பதும் காய்ந்த வீட்டைத்தான்.