நாடி சுத்தியா, வயிற்று மூச்சா?

மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூடி மூச்சு விடுவது நாடி சுத்தி; வயிறு எழுந்து தாழ மூச்சு விடுவது வயிற்று மூச்சு. மூச்சுப் பயிற்சி தொடங்கும் பலருக்கும் இதில் எதைச் செய்வது என்ற குழப்பம் வரும்.

இடம்: நாடி சுத்திக்கு நிமிர்ந்து உட்கார வேண்டும், ஒரு கை மூக்கிலேயே இருக்கும். வயிற்று மூச்சைப் பேருந்திலும் செய்யலாம்.

எளிமை: கட்டைவிரலால் வலது துளையை மூடி இடதில் இழுத்து, மோதிரவிரலால் இடதை மூடி வலதில் விட்டு, அப்புறம் வலதில் இழுத்து இடதில் விட்டால்தான் ஒரு சுற்று. வயிற்று மூச்சுக்குத் தொப்புள் மேல் கை வைத்து, அது எழுவதைக் கவனித்தால் போதும்.

மூக்கடைப்பு இருந்தால்: நாடி சுத்தி வேண்டாம்.

பலன்: மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடும் வயிற்று மூச்சு பதற்றத்தில் கைகொடுப்பது அதனால்தான். நாடி சுத்தியில் மனம் அலைய இடமில்லை. ஆசனம் முடித்துத் தியானத்துக்கு உட்காரும் முன் அதற்கு ஈடில்லை என்பேன்.

புதியவர்களுக்கும் வேலை நடுவே நிதானம் தேடுபவர்களுக்கும் வயிற்று மூச்சு. காலையில் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நாடி சுத்தி.