பேட்டரி உள்ள பெட்டியை யார் கையில் கொடுப்பது: ஒரு ஃபார்வர்டிங் சேவையின் மதிப்புரை

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கன்சோலை வெளியிட்டபோது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களுக்கு மட்டுமே அனுப்பியது. ஜப்பானும் தென்கொரியாவும் அந்த ஆண்டின் இறுதியிலும், ஆஸ்திரேலியா 2024இலும்தான் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இடம்பெறாத நாட்டில் வசிப்பவர்களுக்கு உள்ள வழிகளில் ஒன்று, விற்பனை நடக்கும் நாட்டில் நமக்கென ஒரு கிடங்கு முகவரியைத் தந்து, அங்கு வந்து சேரும் பார்சலை நம் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் சேவை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிடங்கு வைத்திருக்கும் அத்தகைய சேவை ஒன்றின் வழியாக, ஓஎல்இடி திரை கொண்ட ஸ்டீம் டெக்கை வரவழைத்தேன். முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை நம்பி இவர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; லித்தியம் பேட்டரி உள்ள கருவியை அனுப்பத் தெரிந்தவர்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதிவு செய்வது எளிது. கிடங்கு முகவரியோடு ஓர் எண்ணும் தருகிறார்கள். பார்சல் நம்முடையது என்று அந்த எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பதால், ஆர்டர் கொடுக்கும்போது அது விடுபட்டுவிடக் கூடாது. ஓரிகனில் விற்பனை வரி கிடையாது என்பது இந்த முகவரியின் உண்மையான ஆதாயம். ஆனால், கார்டின் பில் முகவரி ஒரு நாட்டிலும் பொருள் சேரும் முகவரி இன்னொரு நாட்டிலும் இருந்தால் ஆர்டரையே ரத்து செய்யும் விற்பனையாளர்கள் உண்டு. ஃபார்வர்டிங் கிடங்கு என்று தெரிந்தாலே அனுப்ப மறுப்பவர்களும் உண்டு. இதைப் பற்றி அந்தச் சேவையின் உதவிப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாதது குறைதான்.

கட்டணத்துக்கு வருவோம். ஓஎல்இடி ஸ்டீம் டெக்கின் எடை ஏறத்தாழ 640 கிராம். கூரியர் நிறுவனங்களோ, உண்மையான எடை, பெட்டியின் கன அளவை வைத்துக் கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே காசு வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். அதன்படி 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் எது இருந்தாலும் அது 4.8 கிலோவாகவே கணக்காகும். இந்தச் சேவை, விற்பனையாளரின் பெட்டியைக் கேட்காமலேயே தன்னுடைய பெரிய பெட்டிக்குள் வைத்து, காலி இடத்தைக் காற்றுப் பைகளால் நிரப்பியிருந்தது. வெளிப்பெட்டி வேண்டாம், வந்தபடியே அனுப்புங்கள் என்று எழுதிய பிறகு பில் கணிசமாகக் குறைந்தது. கேட்டவுடன் மாற்றித் தந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேட்காதவர்கள் காற்றுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருப்பார்கள்.

பேட்டரி விஷயத்தில் இவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. தரும் எண்களில், கருவிக்குள் பொருத்தப்பட்ட லித்தியம் அயான் பேட்டரி யூஎன் 3481 என்ற எண்ணின் கீழும், தனியாக அனுப்பும் பேட்டரி யூஎன் 3480 என்ற எண்ணின் கீழும் வருகின்றன. கருவிக்குள் இருக்கும் பேட்டரி தேக்கும் மின்னாற்றல் 100 வாட்-மணிக்கு மேற்படாதவரை விமானச் சரக்கு விதிகள் ஓரளவு இளக்கமானவை. ஓஎல்இடி ஸ்டீம் டெக்கில் இருப்பது 50 வாட்-மணி, ஏசுஸ் நிறுவனத்தின் கையடக்கக் கன்சோலான ரோக் ஆலி எக்ஸில் 80 வாட்-மணி என்பதால் இரண்டுமே அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, பவர் பேங்கும் இந்தக் கணக்கில்தான் சேரும். கன்சோலோடு ஒரு பவர் பேங்கையும் வாங்கிச் சேர்த்து அனுப்பலாம் என்று நினைப்பவர்களின் பார்சல் கிடங்கிலேயே தங்கிவிடுவது இதனால்தான். பல பார்சல்களை ஒன்றாகக் கட்டித் தரும் வசதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கருவிக்குள் பொருத்தப்பட்ட பேட்டரிகள் ஒரு பெட்டிக்கு 4 செல்கள் அல்லது 2 பேட்டரிகளுக்கு மேற்படாமலும், அனுப்புவது இரண்டு பெட்டிகளுக்கு மேற்படாமலும் இருந்தால், வெளியே பேட்டரிக் குறி ஒட்ட வேண்டியதில்லை. நண்பர்களுக்கும் சேர்த்து மூன்று நான்கு கன்சோல்களை ஒரே பெட்டியில் அடைத்தால் அந்தச் சலுகை போய்விடும். சேர்த்துக் கட்டுவதற்கு முன்பு பேட்டரிகளின் எண்ணிக்கையைக் கேட்டு எழுதிய ஊழியரின் கவனத்தைப் பாராட்ட வேண்டும்.

சுங்கத்துக்கான விவரச் சீட்டில் அதே கவனம் இல்லை. முதலில் அதில் இருந்தது வெறும் ‘எலக்ட்ரானிக் பொம்மை’. வீடியோ கேம் கன்சோல்களுக்கு உலகச் சுங்கக் குறியீட்டில் 9504.50 என்று தனித் தலைப்பே இருக்கிறது. லினக்ஸில் ஓடி, கீபோர்டு செருகினால் கணினியாகவே மாறிவிடும் ஒரு கருவியை 8471.30 என்ற கையடக்கக் கணினித் தலைப்பில் சேர்க்கலாமே என்று வாதிடவும் இடமுண்டு. இந்த இரண்டுக்கும் வரி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கருவியின் பெயர், மாடல், பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டது என்ற குறிப்பு, பில்லில் உள்ள விலை ஆகிய நான்கும் சீட்டில் இருக்கும்படி திருத்தச் சொல்வது நல்லது. விலையைக் குறைத்துக் காட்டட்டுமா என்று கேட்கும் சேவைகளிடமிருந்து விலகியே இருக்கலாம்: அது பொய்க் கணக்கு என்பதோடு, பார்சல் தொலைந்தால் காப்பீடும் சீட்டில் எழுதிய தொகையைத் தாண்டிக் கிடைக்காது. பல நாடுகள் பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மீதுதான் வரி விதிக்கின்றன. எனவே காற்றுப் பைகளால் ஏறிய கட்டணத்துக்கும் வரி உண்டு.

ஜப்பானியக் கிடங்கு முகவரியும் இவர்களிடம் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வாங்குவதற்கு முன்பு கருவியையே விசாரிக்க வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியின் விலை குறைந்த ஜப்பானியப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கிறது. ஜப்பான் என்று பதிவான நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் வாங்குபவர்களுக்கு வேறு தலைவலி: அந்தந்தப் பகுதியில் வெளியான கேம்கள் மட்டுமே அதில் ஓடும். மாறாக, சோனியின் கையடக்கக் கன்சோலான பிளேஸ்டேஷன் வீட்டாவில் எந்த நாட்டு கேம் அட்டையும் ஓடும்.

வாரன்டி என்று பார்த்தால் ஃபார்வர்டிங் வழியே வாங்கியவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. விற்பனையாளரைப் பொறுத்தவரை பொருள் கிடங்கின் வாசலில் சேர்ந்ததுமே டெலிவரி முடிந்தது. திருப்பியனுப்பும் கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கருவி நம் கைக்கு வருவதற்குள் அது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தனிக் கட்டணத்துக்குப் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்புகிறார்கள், சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்க அந்தப் படம் உதவும். திரையில் செத்த பிக்சல் இருக்கிறதா, அனலாக் ஸ்டிக் தானாக நகர்கிறதா என்பதையெல்லாம் படம் காட்டாது. சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். பிடி (பவர் டெலிவரி) என்ற சார்ஜிங் தரத்தில் 45 வாட் தரும் எந்த யூஎஸ்பி-சி சார்ஜரும் ஸ்டீம் டெக்குக்குப் போதும்.

நேரடி விற்பனை இல்லாத நாட்டில் இருந்துகொண்டு, சீல் உடையாத ஒற்றைக் கருவியை வாங்குபவர்களுக்கு இந்தச் சேவையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆன்பெர்னிக், ரெட்ராய்ட் போன்ற நிறுவனங்களின் ரெட்ரோ கருவிகளை, அதாவது பழைய கேம்களை ஆடுவதற்கான கன்சோல்களைத் தேடுபவர்களுக்கு இது தேவையற்ற செலவு. அந்த நிறுவனங்கள் தங்கள் இணையக் கடையிலிருந்தே பல நாடுகளுக்கு நேரடியாக அனுப்பிவிடுகின்றன.