சாவி போட்டதுமே ஃபேன் சுற்றுகிறதா? அந்தக் காரை வாங்காதீர்கள்

தக்கலைப் பக்கத்தில் ஒரு குடும்பம், நாகர்கோவிலில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் 2012 மாடல் வேகன் ஆர் வாங்கியது. டி.என். 74 பதிவு, பெட்ரோல், தேர்ட் ஓனர், விலை 2,30,000 ரூபாய். பதினாறாவது நாள் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கினார்கள். பில் 27,500 ரூபாய். பதினொரு நாள் கழித்து, கோட்டாறு கடைத்தெருவில் அதே கார் அதே மாதிரி மறுபடியும் சூடேறியது. கடைசியில் பார்த்தால், எல்லாவற்றுக்கும் தொடக்கம் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின், உப்புக் காற்றில் பச்சை பிடித்த கனெக்டர். மொத்தமாகச் சரிசெய்ய ஆன செலவு 4,300 ரூபாய்.

விற்றவர் பெயரும் ஒர்க்‌ஷாப் பெயரும் இங்கே வேண்டாம். என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கடையில் நின்றாலும் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

முதலில் விற்றவர் செய்தது. இந்த வண்டி முன்பே சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது. காரணத்தைத் தேடாமல் இரண்டு குறுக்குவழி செய்து விற்றிருக்கிறார்கள். ஒன்று, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் மூடியைப் பூட்டியிருந்தார்கள். இரண்டு, ரேடியேட்டர் ஃபேனின் அசல் சாக்கெட்டைத் துண்டித்து, இக்னிஷனில் இருந்து தனியாக ஒரு வயர் இழுத்து நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். சாவி போட்டதும் ஃபேன் சுற்றும். நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்கியவர் கேட்டபோது கிடைத்த பதில்: "ஏ.சி. நல்லா கூலிங் அடிக்கதுக்காகப் போட்டது அண்ணே, அது நல்லதுதான்."

அது நல்லது அல்ல. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் ஓடும்போது சுமாராக 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். அதற்கு அசலில் தடித்த வயர், ரிலே என்ற மின் சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் உண்டு. இவர்கள் இழுத்தது ஹாரனுக்குப் போடும் மெல்லிய வயர். ஃபியூஸ் இல்லை, முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டு. இரண்டு வாரம் சூட்டில் வெந்து அந்த மூட்டு கருகி விட்டுப்போனது. அசல் சாக்கெட் துண்டிக்கப்பட்டதால் ஏ.சி. போட்டாலும் ஃபேன் வராது. நெரிசலில் நின்ற வண்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஃபியூஸ் இல்லாத வயர் என்பதால் தீப்பிடிக்காமல் போனதே பெரிய விஷயம்.

டெஸ்ட் டிரைவ் எங்கே கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழி நோக்கி, நான்குவழிச் சாலையில், நல்ல வேகத்தில். காற்றாலைகளையே சுற்ற வைக்கிற கணவாய்க் காற்று அது. வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்கு எதிர்காற்றே போதும், ஃபேன் வேலை செய்கிறதா என்பதே அங்கே தெரியாது. தெர்மோஸ்டாட்டும் இல்லாததால் முள் பாதிக்கே வராது. பார்க்கிறவருக்கு "எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது" என்று தோன்றும். பழைய கார் பார்க்கப் போனால் திறந்த சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள், சரி. அதன் பிறகு வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம் போல நெரிசலான இடத்தில் ஏ.சி. போட்டு இருபது நிமிடமாவது ஊர்ந்து பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை எடுத்தால் சூடாகாது என்று இன்னும் பல மெக்கானிக்குகள் நம்புகிறார்கள். அது ஒரு மெழுகு வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைக்கும். பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். அதுவரை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் "எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேரும். அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி 0128 என்ற கோளாறு எண் வரலாம். சூடு வரவே நேரமாகிறது என்பதுதான் அதன் பொருள்.

அடுத்தது ஒர்க்‌ஷாப். "ஹெட் கேஸ்கெட் போச்சு. ஒண்ணும் பயப்படாண்டாம், ஹெட் இறக்கினா சரியாயிரும்" என்று வண்டி வந்த அரைமணி நேரத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. சூடேறிய வண்டியில் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சினின் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஹெட்டைத் தொடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மொத்தமே ஒரு மணி நேரம்தான் ஆகும்.

காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வரும், அது உள்ளே தங்கிய காற்று. பத்து நிமிடம் ஆகியும் ஒரே சீராகக் குமிழி வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடினால், சிலிண்டரில் இருந்து வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று சந்தேகிக்கலாம். அதை உறுதி செய்ய நீல நிறத் திரவம் போட்ட சோதனைக் குழாய் ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால், எரிந்த வாயு இருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். மூடி போட்டுக் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே சந்தேகம்தான், ஏனென்றால் தண்ணீர் சூடாகும் முன்பே அழுத்தம் வர வேறு காரணம் இல்லை. பிறகு சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். மூன்று சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால், அல்லது அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால், கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெள்ளைப் பிசுக்கு இருப்பதை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் ஏமாறாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியிலும், தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் அந்தப் பிசுக்கு வரும்.

இரண்டாவது முறை சூடேறிய பிறகு வேறு ஒர்க்‌ஷாப்பில் இந்த வண்டிக்கு இந்தச் சோதனைகளைச் செய்தபோது நீலம் நீலமாகவே இருந்தது, மூன்று சிலிண்டரும் சமமாக இருந்தன. முதல் முறை கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்ததா என்பதை இனி நிரூபிக்க வழியில்லை. பழைய கேஸ்கெட்டை அவர்கள் கொடுக்கவில்லை. போன கேஸ்கெட்டில் சிலிண்டர் வளையத்தில் இருந்து தண்ணீர்த் துளை வரை கருகிய தடம் தெரியும், கையில் இருந்திருந்தால் ஒரே பார்வையில் முடிவாகியிருக்கும். பில்லில் "ஹெட் வேலை" என்று ஒரே வரி. ஹெட்டின் மட்டம் நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்ததாகக் குறிப்பே இல்லை. இந்த மாதிரி அலுமினிய ஹெட்டுக்குப் பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. லேத்தில் விரிசல் சோதனை இல்லை. போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவில் இருந்து வெளிப்புறமாக, படிப்படியாக இறுக்கினார்களா என்பதும் தெரியாது. உண்மையாகவே ஹெட் இறக்க வேண்டி வந்தால் இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டு, பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

வண்டி எப்போது சூடாகிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றுப் பிரச்சினை: ஃபேன், ரிலே, ஃபியூஸ், வயர், சென்சார். நிற்கும்போது சரியாக இருந்து, பேச்சிப்பாறை ஏற்றத்திலோ வேகத்திலோ ஏறினால் தண்ணீர் ஓட்டம் குறைவு: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், கேஸ்கெட். தண்ணீர் குறைந்துகொண்டே வந்து சூடானால் கசிவு. மூன்றாவதில் பலர் கவனிக்காமல் விடுவது ரேடியேட்டர் மூடி. அதன்மேல் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு பொறித்திருக்கும். அந்த அழுத்தம்தான் தண்ணீரை 100 டிகிரியில் கொதிக்க விடாமல் 118, 120 வரை தாங்க வைக்கிறது. ரப்பர் வெடித்த மூடி சில நூறு ரூபாய் விவகாரம், அதற்காக வாட்டர் பம்ப் மாற்றிய வண்டிகள் உண்டு.

இந்த வேகன் ஆர் இரண்டு முறையும் நெரிசலில் நின்றபோதுதான் சூடானது. அந்த ஒரு தகவலைக் கேட்டிருந்தாலே முதல் ஒர்க்‌ஷாப் ஃபேன் பக்கம் போயிருக்கும். அங்கேயும் ஹெட் வேலை முடிந்ததும் கருகிய மூட்டை மறுபடி முறுக்கி, டேப் சுற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் பதினொரு நாள் ஓடியது.

அசல் கோளாறைப் பிடித்த விதம் இது. முதலில் தனி வயரை நீக்கி, அசல் சாக்கெட்டைத் திரும்ப இணைத்து, ஏ.சி. போட்டார்கள். ஃபேன் சுற்றியது. அப்படியானால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றும் நலம். ஏ.சி.யை அணைத்து எஞ்சினைச் சூடேற விட்டார்கள், ஃபேன் வரவில்லை. ஆக, சூட்டைச் சொல்லும் பக்கம்தான் தப்பு. ஓ.பி.டி. ஸ்கேனரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) சூடு 80 என்று காட்டியது. சென்சாருக்குப் பக்கத்தில் அகச்சிவப்பு வெப்பமானி வைத்தால் 100. இருபது டிகிரி பொய்.

அந்தப் பொய்க்குக் காரணம் இது. கூலன்ட் சென்சார் சூடாக ஆக மின்தடை குறையும் வகை. பெரும்பாலானவற்றில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமாருக்கு, 100 டிகிரியில் 200-க்குக் கீழே. கனெக்டர் பின்னில் பச்சைத் துரு பிடித்து ஒரு நூற்றைம்பது ஓம் சேர்ந்தால் போதும், 100 டிகிரி எஞ்சினைக் கம்ப்யூட்டர் 80 என்று படிக்கும், ஃபேனைப் போடாது. வயர் முழுதாக அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, பாதுகாப்புக்காக ஃபேனைத் தொடர்ந்து ஓட்டி, செக் எஞ்சின் விளக்கையும் எரியவிடும். பாதித் துருதான் ஆபத்து, எந்த விளக்கும் எரியாது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்கரையில் நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம். ரேடியேட்டர் தகடுகளை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த வண்டி கடலோரத்தில் வாழ்ந்தது, எல்லா கனெக்டரையும் கழற்றிப் பார்க்க வேண்டியது.

சென்சார் கனெக்டரை வயரோடு மாற்றினார்கள். புதிய தெர்மோஸ்டாட், அதற்கான ரப்பர் வளையம். துருநீரை வடித்து, தெளிவாக வரும்வரை மூன்று முறை அலசி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், உள்ளே உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி மெதுவாக ஓட விட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சரியான வண்டியும் சூடாகும்.

வாங்கும் முன் பார்ப்பதற்கு: காலையில், எஞ்சின் ஓடாத நிலையில் போய்ச் சேருங்கள். "நீங்க வாறதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சேன்" என்றால் இன்னொரு நாள் போங்கள். ஏ.சி. அணைத்து, சாவியை மட்டும் போட்டு, ஃபேன் சுற்றும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். குளிர் எஞ்சினில் சுற்றக் கூடாது. அதே சமயம் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் விளக்கையே எடுத்திருப்பார்கள். ரேடியேட்டரில் செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால் விலையைப் பேசாமல் திரும்புங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது கூலன்ட் எண் 80-ஐத் தாண்டவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்கலாம். விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் எவ்வளவு என்றும் பாருங்கள். தொடர்ந்து கிளைம் இல்லாதவருக்கு அது 50 சதவீதம் வரை ஏறும். பல வருடம் பாலிசி எடுத்தவருக்குப் பூஜ்யம் என்றால் அண்மையில் விபத்தோ வெள்ளமோ இருந்திருக்கலாம். 2018 கேரள வெள்ளமும் 2023 டிசம்பர் மழையும் நம்மைச் சுற்றித்தான் நடந்தன.

இந்தக் குடும்பம் பில், வாட்ஸ்அப் பேச்சு, கருகிய வயர், பச்சை பிடித்த கனெக்டர் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பில் இல்லாமல் பணம் கொடுத்தவர்களுக்கு நிரூபிப்பது கடினம்.

இப்போதே வண்டி வழியில் சூடேறி நிற்பவர்களுக்கு: ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் காற்றை முழு வேகத்திலும் வைத்து, ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள், உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், முகத்தில் அடிக்கும். எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழலாம். குளிர்ந்ததும் ஃபேன் வயரைத் தடவிப் பாருங்கள். டேப் சுற்றிய மூட்டு கைக்குத் தட்டுப்பட்டால், எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.